ஜெயசீலியின் உபவாசமும் ஓர் உடற்தகுதிச் சான்றிதழும்

குற்றச்சாட்டு இதுதான். 1974ஆம் ஆண்டு ஜூன் மாதம் பதினேழாம் தேதி, திங்கட்கிழமை, சித்தூரில் பெண்கள் விடுதிகளை நிர்வகித்து வந்த ஓர் அலுவலகம், எ. ஜெயசீலி என்பவரை, அவருக்கு இல்லாத ஒரு நோயின் பெயரைச் சொல்லி, விடுதிக் காப்பாளர் வேலைக்குத் தகுதியற்றவர் என்று ஒதுக்கியது. நோய் இல்லை என்று தெரிவிக்கும் இரண்டாவது சான்றிதழ் அன்று அதே மேசையின்மேல் இருந்தது. அதைப் படித்துவிட்டே ஒதுக்கினார்கள். ஜெயசீலி ஒரு பொய்க்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் அன்றே வேலை கிடைத்திருக்கும். அவர் போடவில்லை. இந்தக் குற்றச்சாட்டு நிலைபெற வேண்டுமானால் அவருடைய கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்வதே முறை.

ஜெயசீலி பிறந்தது குடிபாலாவில். வளர்ந்தது சித்தூரில், மிஷன் காம்பவுண்டுக்குப் பின்னால் இருந்த தெருவில். தந்தை எர்னஸ்ட் சர்க்கரை ஆலையில் பாய்லர் அடுப்புக்குக் கரும்புச் சக்கை தள்ளுபவர். அரவை நடக்கும் மாதங்களில் ஆலைச் சம்பளம், மற்ற மாதங்களில் கிடைத்த வேலை. தாய் கிருபாபாய், காலில் வந்த புண் ஆறாமல், சர்க்கரை நோயில் இறந்துபோனார். அப்போது ஜெயசீலி ஒன்பதாம் வகுப்பில் இருந்தார். அதற்குப் பிறகு வீட்டில் உலை வைத்ததும் அவரே, கணக்குப் பாடம் போட்டதும் அதே அடுப்பின் வெளிச்சத்தில்தான்.

பள்ளியிறுதி தேறிய ஆண்டில் அவருடைய மாற்றுச் சான்றிதழை ஓர் அலுவலகம் தொலைத்துவிட்டு, நீ கொடுக்கவே இல்லை என்று சாதித்தது. மறுபடியும் ஒன்று பெறுவதற்குள் கல்லூரிக் கதவு மூடிவிட்டது. அன்றிலிருந்து அவர் எந்தக் காகிதத்தையும் நகல் எடுக்காமல் யாரிடமும் கொடுத்ததில்லை. கொடுத்ததற்கெல்லாம் ஒப்புகைச் சீட்டு வாங்கினார். பெண்கள் விடுதி ஒன்றில் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்தார். மாலையில் தட்டச்சு கற்றார். விடுதிப் பெண்களின் இயற்பியலையும் உயிரியலையும் அவர்கள் உறங்கிய பிறகு படித்தார். தெலுங்கில் மனு எழுதத் தானாகவே பழகிக்கொண்டார். தமிழில் பேசித் தெலுங்கில் எழுதி ஆங்கிலத்தில் எண்ணுகிற ஊரில் அது பெரிய வியப்பில்லை. ஆனால் மூன்றிலும் பிழையில்லாமல் எழுதியவர் அந்த விடுதியில் அவர் ஒருவரே.

1974 பிப்ரவரியில் நிரந்தரக் காப்பாளர் வேலைக்கு நேர்காணல் நடந்தது. ஜெயசீலி தேர்ந்தெடுக்கப்பட்டார். மருத்துவச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. அந்த ஆண்டு ஜூலையோடு அவருக்கு அரசு வேலைக்கான வயது வரம்பு முடிகிறது. இந்த வேலை தவறினால் இன்னொன்று இல்லை என்பது அவருக்கும் எர்னஸ்டுக்கும் தெரியும்.

அந்த மாதக் கடைசியில், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான லெந்து காலம் தொடங்கியது. அதன் முதல் நாளான சாம்பல் புதனன்று ஆராதனை முடிந்து வீடு திரும்பும்போது ஜெயசீலி ஒரு பொருத்தனை செய்துகொண்டார். ஈஸ்டர் வரைக்கும் சோறில்லை, கேழ்வரகுக் களியில்லை, இனிப்பான எதுவும் இல்லை. வேகவைத்த வேர்க்கடலை, கீரை, மோர் இவை மட்டும்.

பொருத்தனையைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. அவருடைய சபையில் உபவாசத்தை வெளியே சொல்லுகிற வழக்கமில்லை. சொன்னால் அது கடவுளுக்கு என்று இருந்தது போய் மனிதருக்கு என்று ஆகிவிடும். பசித்திருப்பவர் தலைக்கு எண்ணெய் வைத்து, முகம் கழுவி, மற்ற நாளைவிடச் சற்றுத் தெளிவாகவே தெருவில் நடக்க வேண்டும். ஜெயசீலி அப்படித்தான் நடந்தார். விடுதிப் பெண்களுக்குப் பரிமாறினார். கேட்டவர்களிடம், "நான் அப்பவே துன்னுட்டேன்" என்றார். கடலையும் உணவுதானே; அதனால் அது பொய்யில்லை என்று தமக்குள் தீர்ப்பும் எழுதிக்கொண்டார்.

எர்னஸ்ட் மட்டும் அடுப்படி மூலையில் குவிந்த கடலைத் தோலைப் பார்த்து ஒருநாள் கேட்டார்.

"இன்னா ஜெயா, ஊட்ல அணில் கிணில் பூந்துச்சா?"

"ஆமா நைனா. பெரிய அணிலு."

"அதுக்குக் கொஞ்சம் சோறும் போடு. இளைச்சிகினே போவுது" என்றார் அவர். அதற்குமேல் கேட்கவில்லை. அவரும் அதே சபைதான்.

மருத்துவப் பரிசோதனை ஏப்ரல் ஒன்பதாம் தேதி திருப்பதியில், ஈஸ்டருக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. படிவத்தில், பெற்றோருக்கு இருந்த நோய்கள் என்ற இடத்தில், ஜெயசீலி ஒளிக்காமல் தாயின் சர்க்கரை நோயை எழுதியிருந்தார். ஆகவே வேலைக்குத் தேர்வான மற்றவர்களுக்குச் செய்யாத ஒரு சோதனையை அவருக்குச் செய்யச் சொன்னார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் வரை விட்டுவிட்டு ரத்தமும் சிறுநீரும் பார்க்கிற சோதனை.

சோதனைக்கூடத்தில் ரத்தம் எடுத்தவர் தபீதாள். புத்தூர்ப் பக்கத்துச் சபையைச் சேர்ந்தவர். ஊசி குத்துகிற வேகத்திலேயே பேசுகிறவர்.

"சர்ச்சுப் பொண்ணா? பாத்தாலே தெரியுது. ராத்திரிக்கப்புறம் ஏதாச்சும் துன்னியா?"

"இல்லக்கா."

"காப்பித் தண்ணி?"

"அதுவும் இல்ல."

"பொய் மட்டும் சொல்லாத. நீ சொல்லலன்னாலும் ரத்தம் சொல்லிடும்."

கேட்ட கேள்விக்கு ஜெயசீலி சொன்ன பதில் முழு உண்மை. அந்த இரவுக்கு முன்னால் கடந்துபோன வாரங்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்ல அவர் சபை அவரைப் பழக்கவில்லை.

முதலில் எடுத்த ரத்தம் நன்றாகவே இருந்தது. குளுக்கோஸ் குடித்த பிறகு எடுத்த ரத்தத்தில் சர்க்கரை ஏறியது. ஏறியது இறங்கவே இல்லை. சர்க்கரை இருந்தால் நிறம் மாறும் நீல மருந்தில் கலந்து காய்ச்சிய சிறுநீர் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. சான்றிதழில், நீரிழிவு நோயாளி, பணிக்குத் தகுதியற்றவர் என்று எழுதிவிட்டார்கள்.

பேருந்தில் திரும்பி வரும்போது ஜெயசீலி தம் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தாயின் கால் நினைவுக்கு வந்தது. காணிப்பாக்கம் திருப்பம் தாண்டிய பிறகுதான் அவருக்குள் இருந்த மனு எழுதும் பெண் விழித்தாள். அன்று காலை மரச்சட்டத்தில் நின்ற குழாய்களை அவர் பார்த்திருந்தார். பெயர் எழுதிய ஒட்டுத்துணிகளில் ஒன்று நனைந்து உரிந்திருந்தது. குழாய்களை அப்படியே விட்டுவிட்டுத் தபீதாள் டீ குடிக்க வெளியே போனதையும் பார்த்திருந்தார். தமக்கு நோயில்லை என்றால் வேறு யாருடைய ரத்தமோ தம் பெயரில் ஏறியிருக்க வேண்டும். மறுநாளே மனு எழுதினார். குழாய் மாறியது, கவனக்குறைவுக்குப் பொறுப்பு இன்னார், மறுபரிசோதனை வேண்டும். நகல் எடுத்துக்கொண்டு பதிவுத் தபாலில் அனுப்பினார்.

மறுபரிசோதனை கிடைத்தது. ஏப்ரல் கடைசியில், ஆய்வுக்கூடத்துத் தலைவர் டாக்டர் முனிகிருஷ்ணன் தம் கையாலேயே ரத்தம் எடுத்தார். அதற்குள் ஈஸ்டர் முடிந்து, ஜெயசீலி சோறும் களியும் கேசரியும் சாப்பிடத் தொடங்கிப் பத்துப் பதினைந்து நாளாகியிருந்தது. இம்முறை சர்க்கரை ஏறியது. ஏறிய வேகத்தில் இறங்கியது. நீல மருந்து நீலமாகவே நின்றது. நோயில்லை.

சித்தூர் அலுவலகத்துக் குமாஸ்தா கங்கையா அதைக் கேட்டு மகிழ்ந்தே போனார்.

"சூடம்மா, இங்க பாரு, வேல சுலுவாயிடுச்சு. மொதோ தடவ கொழாய் மாறிப்போச்சுன்னு டாக்டர் கிட்ட ஒரு காயிதம் வாங்கினு வா. நீயும் ஒரு கையெழுத்துப் போடு. அப்புறம் ஆர்டர் உன் கையில."

"அந்தக்காவுக்கு என்னா ஆவும் சார்?"

"அவங்களுக்கு மெமோ போயிருக்கு. வேல போவும். தப்புப் பண்ணவங்களுக்குப் போவாம? உன் மனுவாலதானே அம்மா!"

ஜெயசீலி காகிதம் வாங்கத் திருப்பதிக்குப் போனார். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே பெஞ்சில் தபீதாள் உட்கார்ந்திருந்தார். விசாரணை முடியும்வரை ரத்தம் எடுக்கக் கூடாது என்று அவரை வெளியே உட்காரவைத்திருந்தார்கள்.

"வாம்மே மனுக்காரி. இன்னும் எத்தினி காயிதம் பாக்கி வெச்சிருக்க? எங்க ஊட்டுக் கதவுல கூட ஒண்ணு ஒட்டிட்டுப் போ."

"நான் பொய் எழுதலக்கா. நீங்க டீ குடிக்கப் போனத என் கண்ணால பாத்தேன்."

"டீ குடிச்சேன். நான் டீ குடிச்சா கொழாய்க்குக் கால் மொளச்சு நடந்துகினு போவுமா? ஒட்டு உரிஞ்சத நான்தான் திரும்ப ஒட்னேன். அது உன் பேரு கூட இல்ல." தபீதாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குரல் தணிந்தது. "போ. உனக்கு வேல வந்துடும். நல்லா இரு."

உள்ளே முனிகிருஷ்ணன் காகிதம் எழுதித் தரவில்லை. தெலுங்கு வாடையடிக்கும் தமிழில், அவசரமில்லாமல் பேசினார்.

"அன்னிக்கு அந்த ஸ்டாண்டுல குழாய் இருந்த எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தேன்மா. யாரோட ரத்தமும் மாறல. அவங்கவங்க கணக்கு அவங்கவங்களுக்குச் சரியா இருக்குது. அப்போ உன்னோடது மட்டும் ஏன் ரெண்டு தடவை ரெண்டு மாதிரி? அதான் எனக்குப் புரியல."

"அப்படி மாற முடியுமா டாக்டர்?"

"முடியும். எப்படின்னு சொல்றேன், கேளு." அவர் மேசையில் இருந்த பேனாவைப் படுக்கவைத்தார். "வயித்துக்குப் பின்னால கணையம்னு ஒண்ணு இருக்குது. அதுல தீவு தீவா சில செல்லுங்க. இன்சுலின் அங்கேருந்துதான் வரணும். ரத்தத்துல சர்க்கரை ஏறினா அதுக்கு எப்படித் தெரியும்? கண் இருக்கா? நாக்கு இருக்கா?"

ஜெயசீலி யோசித்தார். "தெரியல டாக்டர்."

"அது சர்க்கரையை வாங்கி உள்ள எரிக்குது. எவ்ளோ வேகமா எரியுதோ, அதை வெச்சுத்தான் வெளியில எவ்ளோ இருக்குதுன்னு தெரிஞ்சுக்குது. சர்க்கரை அதைத் தொட்டா மட்டும் போதாது, உள்ள போய் எரியணும். எரிஞ்சாத்தான் இன்சுலின் வெளிய வரும். எரிய விடாம தடுத்துட்டா, பக்கத்துல எவ்ளோ சர்க்கரை இருந்தாலும் அந்த செல் சும்மா உக்காந்திருக்கும்."

ஜெயசீலியின் மனத்தில் ஆலை வந்து நின்றது. "எங்க நைனா பாய்லர்ல வேல செய்றாரு டாக்டர். வாசல்ல எத்தினி லாரி கரும்பு நின்னாலும் சங்கு ஊதாது. அடுப்பு எரிஞ்சு ஆவி ஏறினாத்தான் ஊதும்."

"அதேதான்!" முனிகிருஷ்ணன் சிரித்தார். "நான் ஒரு மணி நேரம் கிளாஸ்ல சொல்றத நீ ஒரு வார்த்தைல சொல்லிட்டே. எரியறதுக்கும் சங்கு ஊதறதுக்கும் நடுவுல என்ன நடக்குதுன்னு யாருக்கும் இன்னும் முழுசாத் தெரியாது. உலகம் பூரா தேடிகிட்டு இருக்காங்க."

"அப்ப எனக்கு ஏன் ஊதல?"

"அதைத்தான் நான் உன்னைக் கேக்கணும். ஆலையை மூடி வெச்சு, ரொம்ப நாள் கழிச்சுத் திறந்த அன்னிக்கு முதல் லாரி வந்தா?"

"பாய்லர் ஆறிப்போயிருக்கும். சூடேறவே நேரம் ஆவும்."

"பட்டினி போட்ட எலிங்கள்ல அப்படித்தான் பார்த்திருக்காங்க. சர்க்கரை வராத நாள்ல அந்த செல் அதை எரிக்கிற ஏற்பாட்டையே குறைச்சுக்கும். கல்லீரலும் தசையும் கொழுப்பை எரிச்சுப் பழகிடும். திடீர்னு ஒரு டம்ளர் குளுக்கோஸ் குடுத்தா உடம்பு திக்குமுக்காடும். நோய் மாதிரியே தெரியும். நாலு நாள் நல்லா சோறு சாப்பிட்டா சரியாயிடும். அதனாலதான் இந்தச் சோதனைக்கு முன்னால மூணு நாள் நல்லாச் சாப்பிடணும்னு விதி. உன்கிட்ட யாராவது சொன்னாங்களா?"

"இல்ல டாக்டர்."

"சரி. சொல்லலன்னாலும் எல்லாரும் சோறு சாப்பிடறவங்கதானே. நீயும் சாப்பிட்டிருப்பே. அப்படித்தானே?"

ஜெயசீலி ஒரு நிமிடம் வெளியே போய்வர அனுமதி கேட்டார்.

தாழ்வாரத்தில் அவர் நின்ற நேரம் நீண்டதல்ல. பெஞ்சில் தபீதாள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தார். இப்போது ஜெயசீலிக்குத் தெரிந்த காரணம் உலகத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது. வாயைத் திறக்காமல் போனால் டாக்டர் குழம்பியபடியே விட்டுவிடுவார். கங்கையா எப்படியாவது காகிதத்தைத் தேடி வாங்கிவிடுவார். ஜூலைக்குள் ஆர்டர் வரும். பொருத்தனையும் காப்பாற்றப்படும். தபீதாள் இந்தப் பெஞ்சிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார். வாயைத் திறந்தால், ஒளித்துவைத்து ஏறெடுத்த உபவாசம் ஊர்க் கதையாகும். தாம் எழுதிய முதல் மனு தவறாகும். அதோடு வேலை என்ன ஆகும் என்பது தெரியாது.

அவர் உள்ளே திரும்பினார்.

"டாக்டர், நான் சாப்பிடலன்னு அந்தக்கா கிட்ட சொன்னது மெய்தான். ஆனா ராத்திரிலேர்ந்து இல்ல."

"பின்ன எப்பலேர்ந்து?"

"சாம்பல் புதன்லேர்ந்து."

முனிகிருஷ்ணனுக்கு அது எந்த நாள் என்று தெரியவில்லை. கதவுக்கு வெளியே இருந்தவருக்குத் தெரிந்தது. பெஞ்சு கிறீச்சிட்டது, தபீதாள் வாசலில் வந்து நின்றார்.

"அடிப் பாவி! லெந்து பூராவா? என்னா துன்ன?"

"வேர்க்கல்ல. கீர. மோரு."

"நான் கேட்டனே அன்னிக்கு!"

"நீங்க ராத்திரியத்தாங்கா கேட்டீங்க."

தபீதாள் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரும்வரை நிற்கவில்லை. "நானும் அந்த நாப்பது நாளும் ராத்திரிச் சோறு துன்னல டாக்டர். யார் கிட்டயும் சொல்லல. எங்க ஜனங்க அப்படித்தான். செத்தாலும் வாயத் தொறக்க மாட்டாங்க."

ஜெயசீலிக்கு ஒரு சந்தேகம் மட்டும் மிச்சமிருந்தது. "வேர்க்கல்லயும் சத்துதானே டாக்டர்? அதுக்கு இன்சுலின் வராதா?"

"புரதத்துல இருக்கிற சில துணுக்குங்களும் அந்த செல்லைத் தூண்டும்மா. ஆனா கூட சர்க்கரை எரிஞ்சாத்தான் அதுக்கு நல்ல பலம். கடலையில சர்க்கரைச் சத்து கொஞ்சம்தான். உன் பாய்லர் அணையல, தணிஞ்சிருந்தது. அவ்ளோதான்."

அவர் எழுதிக் கொடுத்த குறிப்பில் மூன்று செய்திகள் இருந்தன. முதல் சோதனையின் ரத்தம் ஜெயசீலியுடையதே. அதில் தெரிந்த மாறுதல் நீண்ட உபவாசத்தால் வந்தது. அவருக்கு நீரிழிவு இல்லை. அன்று மாலையே ஜெயசீலி தம் முதல் மனுவில் தபீதாளின்மேல் சொன்னதைத் திரும்பப் பெறுவதாக எழுதிப் பதிவுத் தபாலில் சேர்த்தார். மெமோ ரத்தானது. தபீதாள் மறுபடியும் ஊசி பிடித்தார்.

ஜூன் பதினேழாம் தேதி கங்கையாவின் மேசைமுன் ஜெயசீலி நின்றார். அதிகாரியின் உத்தரவு வந்திருந்தது. கங்கையா அதைப் படித்துக் காட்டிவிட்டு, மெய்யாகவே வருந்தினார்.

"என்னம்மா பண்ணிட்ட? கொழாய் மாறலன்னா மொதோ ரிப்போர்ட்டு சரி. அது சரின்னா நோயும் சரி."

"ரெண்டாவது ரிப்போர்ட்டும் சரி சார். டாக்டர் காரணம் எழுதிருக்காரு."

"ரெண்டும் சரின்னு எழுத எங்க படிவத்துல எடமில்லம்மா. மொதோ சர்ட்டிபிகேட்டு தப்புன்னாத்தான் ரெண்டாவது செல்லும். நீதான் தப்பில்லன்னு எழுதிக் குடுத்துட்டியே!"

"மெய்யச் சொன்னேன் சார்."

"மெய்தான். யார் இல்லன்னாங்க?"

வேலை அடுத்த பெயருக்குப் போயிற்று. ஜூலையில் வயது வரம்பு முடிந்தது. வீட்டில் எர்னஸ்ட் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அணிலுக்கு அன்னிக்கே சோறு போடுன்னு சொன்னேன்" என்று மட்டும் சொன்னார். அன்றிரவு மகளுக்குத் தம் கையாலேயே களி கிண்டினார்.

ஜெயசீலி தற்காலிக உதவியாளராகவே ஐந்தாண்டு இருந்தார். பிறகு சபை நடத்திய பெண்பிள்ளைகள் இல்லம் ஒன்றில் காப்பாளரானார். அங்கே ஒரு பழக்கத்தை ஏற்படுத்தினார். மருத்துவச் சோதனைக்குப் போகும் பெண்ணிடம் முந்தின இரவில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பதோடு நிறுத்துவதில்லை. முந்தின வாரம் என்ன சாப்பிட்டாய் என்றும் கேட்பார். லெந்து காலத்தில் அவர் இன்றும் பொருத்தனை செய்கிறார். என்னவென்று யாருக்கும் தெரியாது, தபீதாளைத் தவிர. ஒவ்வோர் ஆண்டும் ஈஸ்டர் முடிந்து சோறு சாப்பிட்ட பிறகு, தபீதாள் சித்தூருக்கு வந்து அவர் ரத்தத்தை எடுத்துப் போகிறார். "மனுக்காரி ரத்தம் இந்த வருசமும் சுத்தம்" என்று அஞ்சலட்டை வருகிறது. இதுவரை ஒரு வருடம்கூட வேறு பதில் வந்ததில்லை.

சென்ற ஆண்டு, ஓய்வு பெற்ற முனிகிருஷ்ணன் ஒரு மருத்துவ இதழைக் கொடுத்தனுப்பினார். அன்று அவருக்குத் தெரியாதிருந்த நடுப்பகுதியைக் கண்டுவிட்டார்களாம். சர்க்கரை எரிந்து சக்தியாக மாறும்போது, செல்லின் சுவரில் திறந்திருக்கும் ஒருவகைச் சிறு வாயில்கள் சாத்திக்கொள்கின்றன. அதனால் சுவரின் மின்நிலை மாறுகிறது. வேறொரு வாயில் திறந்து கால்சியம் உள்ளே பாய்கிறது. சிறு பொட்டலங்களாகக் காத்திருந்த இன்சுலின் வெளியே கொட்டுகிறது. ஜெயசீலி அகராதியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் அதைப் படித்தார். படித்து முடித்ததும் எர்னஸ்டிடம் சொன்னார். முதியவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "அப்ப கதவ சாத்தினாத்தான் சங்கு ஊதுது. பாய்லர்லயும் அதான்" என்றார்.

இன்று 1986. அந்த அலுவலகத்தின் பதிவேட்டில் எ. ஜெயசீலி இன்னும் நீரிழிவு நோயாளி. இழந்த வேலையை அவர் கேட்கவில்லை, இழப்பீடும் கேட்கவில்லை. ஒரு மனித உடலில் இரண்டு சோதனைகள் இரண்டு விதமாக வந்து, இரண்டுமே உண்மையாக இருக்க முடியும் என்பது இப்போது உலகம் அறிந்த செய்தி. ஆகவே அந்த அலுவலகத்திடம் கேட்பவை இவை: பதிவேட்டில் உள்ள அந்தச் சொல் அடிக்கப்பட வேண்டும். அடிக்க முடியாதென்றால், உண்மையைச் சொன்னவரின் இரண்டாவது சான்றிதழை எந்த விதியின்கீழ் ஒதுக்கினீர்கள் என்று தெரிவிக்க வேண்டும். முன்னர் மூன்று முறை வாய்மொழியாகச் சொல்லப்பட்ட, "பார்க்கலாம்" என்பதைப் பதிலாக ஏற்பதற்கில்லை. பதில் எழுத்தில், தேதியோடும் கையொப்பத்தோடும் வர வேண்டும்.